போர்ட் திறக்காமல் ஏபிஐ டெஸ்ட்: கிளையன்ட்டில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வலைச் சேவை இருக்கிறது. அதன் இன்டக்ரேஷன் டெஸ்டுகள் ஒவ்வொன்றும் சர்வரை ஒரு போர்ட்டில் ஏற்றி, நிஜ எச்டிடிபி கிளையன்ட்டால் கூப்பிட்டுப் பார்க்கின்றன. மெதுவாக ஓடுகின்றன, பில்ட் மெஷினில் அவ்வப்போது போர்ட் மோதலால் விழுகின்றன. அதற்குப் பதிலாக, சேவையை டெஸ்ட் ஓடும் அதே ப்ராசஸுக்குள் வைத்து, நெட்வொர்க்கைத் தொடாமல் நேராக அதனுடன் பேசும் சொந்த எச்டிடிபி கிளையன்ட் ஒன்றை எழுதலாமா? எழுதினால் எங்கே ஏமாறுவோம்?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் எழுத வேண்டியது முழு கிளையன்ட் இல்லை. கிளையன்ட்டுக்கு அடியில், ரிக்வெஸ்டை உண்மையில் அனுப்பிப் பதிலைப் பெறும் டிரான்ஸ்போர்ட்டை மட்டும் மாற்றுங்கள். அதற்கு மேலே இருக்கும் எந்தக் கோடுக்கும் (நிரலுக்கும்) கீழே மாற்றம் நடந்ததே தெரியக்கூடாது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

ஒரு எச்டிடிபி அழைப்பில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. மேல் பாதியில் யுஆர்எல் சேர்ப்பது, பொருளை ஜேசானாக மாற்றுவது, டோக்கனை ஹெடரில் வைப்பது, குக்கி, ரீடைரக்ட், ரீட்ரை, வந்த பதிலை மறுபடி பொருளாக்குவது எல்லாம் நடக்கும். கீழ்ப் பாதியில் பெயரைத் தேடி முகவரி கண்டுபிடிப்பது, சாக்கெட் திறப்பது, டிஎல்எஸ் என்ற மறையாக்கம், பைட்டுகளை அனுப்பிப் பெறுவது. நம் பிழைகளில் பெரும்பாலானவை மேல் பாதியில்தான் பிறக்கின்றன, ஏனென்றால் அதைத்தான் நாம் எழுதுகிறோம். கீழ்ப் பாதியை லைப்ரரி எழுதியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே வெட்டுக்கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

நல்ல வேளையாக, பெரும்பாலான மொழிகளில் அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு இணைப்பு இருக்கிறது. டாட் நெட்டில் எச்டிடிபி கிளையன்ட் என்ற கிளாஸ் தானாக எதையும் அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் மெசேஜ் ஹேண்ட்லரிடம் கொடுத்துவிடுகிறது. கோ மொழியில் கிளையன்ட்டுக்குள் டிரான்ஸ்போர்ட் என்று ஒரு ஃபீல்ட் உண்டு. அதன் இன்டர்ஃபேஸான ரவுண்ட்ட்ரிப்பரில் ஒரே ஒரு மெத்தட்தான். பைத்தானின் எச்டிடிபிஎக்ஸ் கிளையன்ட்டை உருவாக்கும்போது டிரான்ஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கலாம். பழைய ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் அடாப்டர் என்ற பெயரில் இதே வசதி.

சர்வர் பக்கமும் அப்படித்தான். பைத்தானில் சர்வரையும் பயன்பாட்டையும் இணைக்கும் டபிள்யூஎஸ்ஜிஐ விதிமுறை 2003இல் வந்ததிலிருந்து, வலைப் பயன்பாடு என்பது கூப்பிடக்கூடிய ஒரு ஃபங்ஷன் மட்டுமே. ரூபியின் ராக் 2007இல் அதே யோசனையைப் பிடித்துக்கொண்டது. கோ மொழியின் ஹேண்ட்லர், ரஸ்ட்டில் டவர் லைப்ரரியின் சர்வீஸ், எல்லாம் ஒரே வடிவம்: ரிக்வெஸ்ட் உள்ளே, ரெஸ்பான்ஸ் வெளியே. காட்லினின் எச்டிடிபி4கே இன்னும் ஒரு படி மேலே போய், கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் ஒரே டைப்பை வைத்திருக்கிறது. அங்கே டெஸ்டில் சர்வர் ஃபங்ஷனை அப்படியே கிளையன்ட் இடத்தில் கொடுத்துவிடலாம். மற்ற மொழிகளில் நடுவே ஒரு சின்ன மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறது. நீங்கள் எழுத வேண்டிய "கஸ்டம் கிளையன்ட்" அவ்வளவுதான்.

வெட்டுக்கோட்டைத் தவறான இடத்தில் போடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சிலர் மிக மேலே வெட்டுகிறார்கள்: ஆர்டர் கிளையன்ட் என்ற இன்டர்ஃபேஸையே மாக் செய்து (போலியால் மாற்றி), கேட்டதைத் திருப்பித் தரும்படி வைத்துவிடுகிறார்கள். அப்போது ரூட்டிங், ஜேசான், ஹெடர், ஸ்டேட்டஸ் கோட் எதுவுமே ஓடுவதில்லை. சிலர் கன்ட்ரோலரை (அழைப்பைக் கையாளும் கிளாஸை) நேராக நியூ போட்டு மெத்தட்டைக் கூப்பிடுகிறார்கள். இதில் ஆத்தரைசேஷன் ஃபில்டர் ஓடாது, மாடல் பைண்டிங் ஓடாது, எக்ஸெப்ஷனை 404 ஆகவோ 422 ஆகவோ மாற்றும் மிடில்வேர் (ஒவ்வொரு அழைப்பும் கடந்துபோகும் இடைநிலைக் கோட்) ஓடாது. யூனிட் டெஸ்ட்டாக இரண்டுக்கும் இடம் உண்டு. வலைச் சேவையைச் சோதித்துவிட்டோம் என்று இவற்றைக் காட்டிச் சொல்ல முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். எழுதும்போது எங்கே கால் வழுக்கும் என்பது கோ மொழியில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வேறு மொழிக்காரர்களும் இந்தப் பகுதியைப் படிக்கலாம். ரவுண்ட்ட்ரிப் மெத்தட்டுக்குள் எச்டிடிபிடெஸ்ட் பேக்கேஜின் ரெஸ்பான்ஸ் ரெக்கார்டர் ஒன்றை உருவாக்குகிறோம், வந்த ரிக்வெஸ்டையும் ரெக்கார்டரையும் ஹேண்ட்லரின் சர்வ்எச்டிடிபி மெத்தட்டுக்குக் கொடுக்கிறோம், ரெக்கார்டரின் ரிசல்ட்டைத் திருப்பித் தருகிறோம். பத்து வரி. ஓடவும் செய்யும். ஆனால் கிளையன்ட் பக்க ரிக்வெஸ்டும் சர்வர் பக்க ரிக்வெஸ்டும் ஒரே ஸ்ட்ரக்டாக இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றல்ல. சர்வருக்கு வரும் ரிக்வெஸ்டில் பாடி ஒருபோதும் நில்லாக (வெற்று மதிப்பாக) இருக்காது என்று மொழியே உறுதி தருகிறது. கிளையன்ட் உருவாக்கும் கெட் ரிக்வெஸ்டில் பாடி நில்லாகத்தான் இருக்கும். பாடியைப் படிக்கும் மிடில்வேர் ஒன்று இருந்தால், ப்ரொடக்ஷனில் ஒழுங்காக ஓடுவது டெஸ்டில் பேனிக் ஆகும், அதாவது ஓட்டமே முறிந்து விழும். ரிக்வெஸ்ட்யுஆர்ஐ கிளையன்ட் பக்கம் காலியாக இருக்க வேண்டும், அதில் ஏதாவது இருந்தால் கிளையன்ட் அனுப்பவே மறுத்துவிடும். சர்வர் பக்கம் அது நிரம்பியிருக்க வேண்டும். ரிமோட்அட்ரஸ் கிளையன்ட் பக்கம் வெற்று ஸ்ட்ரிங். ஐபி முகவரியை வைத்து ரேட் லிமிட் செய்யும் கோட் அதைப் பிரிக்கப் பார்த்துத் தோற்கும்.

ஆகவே ரிக்வெஸ்டை அப்படியே தள்ளிவிடாமல் குளோன் எடுத்து, சர்வர் எதிர்பார்க்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். குளோன் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ரவுண்ட்ட்ரிப்பர் தனக்கு வந்த ரிக்வெஸ்டை மாற்றக்கூடாது, பாடியைக் கட்டாயம் மூட வேண்டும் என்பது அந்த இன்டர்ஃபேஸின் ஒப்பந்தம். இதைச் சடங்காக நினைத்து விட்டுவிடாதீர்கள். பாடியைக் கடைசிவரை படித்து மூடும் டிரான்ஸ்போர்ட் இருந்தால்தான், ரீட்ரை கோட் இரண்டாம் முறை காலியான பாடியை அனுப்புகிறதா என்பது டெஸ்டில் அகப்படும். ஒரே ரீடரை மறுபடி மறுபடி கொடுக்கும் பிழை மிகப் பரவலானது.

அப்புறம், நிஜ டிரான்ஸ்போர்ட் சத்தமில்லாமல் செய்யும் வேலைகள். கோ மொழியின் இயல்பான டிரான்ஸ்போர்ட், ஜிசிப் ஏற்பேன் என்ற ஹெடரைத் தானே சேர்க்கும், சுருக்கி வந்த பதிலைத் தானே விரிக்கும். நீங்கள் எழுதிய டிரான்ஸ்போர்ட் அதைச் செய்யாது. அதனால் உங்கள் கம்ப்ரஷன் மிடில்வேர் டெஸ்டுகளில் ஒருமுறைகூட ஓடியிருக்காது. கவரேஜ் அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியவரும். பேனிக் விஷயமும் இப்படித்தான்: நிஜ சர்வர் ஹேண்ட்லரின் பேனிக்கைப் பிடித்து, இணைப்பை அறுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். இன்-மெமரியில், அதாவது நெட்வொர்க் இல்லாமல் நினைவகத்திலேயே பேசும் நம் வழியில், பேனிக் நேராக டெஸ்டுக்கு வந்து சேரும். பிழையின் முழு ஸ்டாக்கும் கையில் கிடைப்பதால் இது எனக்குப் பிடித்த நடத்தை. ஆனால் பிழை நேர்ந்தால் பயனருக்கு 500 போகிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு இது உதவாது.

ரெக்கார்டர் வழியில் பெரிய ஓட்டை ஸ்ட்ரீமிங். ஹேண்ட்லர் முடிந்த பிறகே ரெக்கார்டரிடமிருந்து பதில் வரும். சர்வர் தொடர்ந்து நிகழ்வுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் எண்ட்பாயின்ட் என்றால் ஹேண்ட்லர் முடியவே முடியாது, டெஸ்ட் தொங்கும். பைத்தானில் எச்டிடிபிஎக்ஸின் ஏஎஸ்ஜிஐ (டபிள்யூஎஸ்ஜிஐயின் அசிங்க் வாரிசு) டிரான்ஸ்போர்ட்டுக்கும் இதே குணம்: பாடி முழுவதையும் சேர்த்துக்கொண்டுதான் பதிலைத் தரும்.

இதற்கு வழி, வெட்டுக்கோட்டைச் சற்றுக் கீழே இறக்குவது. டிரான்ஸ்போர்ட்டை மாற்றாமல், டிரான்ஸ்போர்ட் பயன்படுத்தும் இணைப்பை மட்டும் மாற்றுங்கள். கோ மொழியில் நெட் பேக்கேஜில் பைப் என்ற ஃபங்ஷன் உண்டு; நினைவகத்திலேயே இரண்டு முனை உள்ள ஒரு இணைப்பைத் தரும். லிஸனர் இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் சின்ன டைப் ஒன்றை எழுதி, கிளையன்ட் டயல் செய்யும்போது ஒரு முனையை அதற்கும், மறுமுனையை லிஸனரின் அக்செப்ட்டுக்கும் கொடுங்கள். இப்போது நிஜ எச்டிடிபி சர்வரும் நிஜ டிரான்ஸ்போர்ட்டும் நிஜ எச்டிடிபி வரிகளைப் பேசிக்கொள்கின்றன. இயங்குதளத்தின் சாக்கெட் மட்டும் இல்லை. மேலே சொன்ன நில் பாடி, ரிக்வெஸ்ட்யுஆர்ஐ, ஜிசிப், ஸ்ட்ரீமிங் பிரச்சினைகள் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். ரிமோட்அட்ரஸில் மட்டும் நிஜ ஐபி இருக்காது, அது வேண்டுமென்றால் உங்கள் இணைப்பு டைப்பிலேயே ஒரு முகவரியைத் திருப்பித் தாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை: அந்தப் பைப்புக்கு பஃபர் கிடையாது. ஒருவர் படிக்கும்வரை மற்றவர் எழுதுவது நிற்கும். இரு முனையும் ஒரே சமயம் எழுத முனைந்து, படிப்பவர் யாரும் இல்லாமல் போனால் முடங்கிவிடும். ஜிஆர்பிசி என்ற சேவை அழைப்பு ஃப்ரேம்வொர்க்கின் குழு இதற்காகவே பஃப்கான் என்று பஃபர் உள்ள லிஸனரைத் தங்கள் டெஸ்ட் பேக்கேஜில் வைத்திருக்கிறது. ஜிஆர்பிசி சேவைக்கு டெஸ்ட் எழுதுகிறீர்கள் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். கோ 1.25இல் நிலையான சின்க்டெஸ்ட் பேக்கேஜையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் நேரம் செயற்கையாக ஓடுவதால், 30 விநாடி டைம்அவுட்டை நிஜத்தில் காத்திருக்காமலே சோதிக்கலாம். ஆனால் நிஜ சாக்கெட்டில் காத்திருக்கும் கோரூட்டினை (கோ மொழியின் இலகுவான த்ரெட்டை) அது ஓய்ந்துவிட்டதாகக் கருதாது. அதனால் அங்கே இன்-மெமரி இணைப்பு இல்லாமல் வேலை நடக்காது.

டாட் நெட்டில் இந்த வேலையின் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்ட்டே செய்து கொடுத்திருக்கிறது. டெஸ்ட்சர்வர் என்ற நினைவக சர்வர், அதன் மேல் ஏஎஸ்பி டாட் நெட் கோர் 2.1 பதிப்பிலிருந்து வரும் வெப்அப்ளிகேஷன்ஃபேக்டரி. ஃபேக்டரியிடம் கிளையன்ட் கேட்டால், உள்ளே நேராகப் பைப்லைனுக்குப் போகும் ஹேண்ட்லருடன் ஒரு கிளையன்ட் கிடைக்கும். இயல்பாக அது ரீடைரக்டைத் தானே பின்தொடரும், அதிகபட்சம் 7 முறை, குக்கியையும் வைத்துக்கொள்ளும். உள்நுழையாதவரை 302 கொடுத்து லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறதா என்று சோதிக்கப்போய், லாகின் பக்கத்தின் 200ஐப் பார்த்துக் குழம்புபவர்கள் ஆப்ஷனில் தானியங்கி ரீடைரக்டை அணைக்க வேண்டும். அடிப்படை முகவரி எச்டிடிபி லோக்கல்ஹோஸ்ட் என்றிருக்கும்; பாதுகாப்பான குக்கிகளைச் சோதிக்கிறீர்கள் என்றால் அதை எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் குக்கி திரும்பிப் போகாது. சான்றிதழ் எதுவும் தேவைப்படாது, டிஎல்எஸ்ஸே அங்கே இல்லை. இணைப்பின் ரிமோட் ஐபி முகவரி டெஸ்ட்சர்வரில் நல், அதாவது காலி. ஐபியைப் பயன்படுத்தும் கோட் இருந்தால் டெஸ்ட் தொடக்கத்தில் ஒரு சின்ன மிடில்வேரால் அதை நிரப்பிவிடுங்கள்.

ஆனால் ஃபேக்டரி கொடுக்கும் கிளையன்ட்டோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் சேவைக்கு நீங்களே வெளியிடும் கிளையன்ட் லைப்ரரி ஒன்று இருக்குமானால், டெஸ்டுகளை அதன் வழியாகவே எழுதுங்கள். ஃபேக்டரியின் சர்வரிடம் ஹேண்ட்லரை மட்டும் கேட்டு வாங்கி, உங்கள் லைப்ரரியின் எச்டிடிபி கிளையன்ட் பதிவில் முதன்மை ஹேண்ட்லராக வைத்துவிடலாம். அப்போது உங்கள் ரீட்ரை, டோக்கன் புதுப்பிப்பு, பிழைகளை எக்ஸெப்ஷனாக மாற்றுவது எல்லாம் நிஜமாக ஓடி, நிஜப் பைப்லைனைப் போய்த் தொடும். கிளையன்ட்டும் சர்வரும் சேர்ந்தே சோதனைக்குள் வருகின்றன.

இதே உத்தி பல சேவைகளுக்கும் நீளும். பில்லிங் சேவை, ஸ்டாக் சேவையைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட்சர்வர். பில்லிங்கின் ஸ்டாக் கிளையன்ட்டுக்கு முதன்மை ஹேண்ட்லராக ஸ்டாக் சர்வரின் ஹேண்ட்லரைக் கொடுங்கள். ஒரே ப்ராசஸில் இரண்டு சேவைகள், ஒரு போர்ட்டும் திறக்கவில்லை. மற்ற எல்லா வெளி அழைப்புகளுக்கும், ஹோஸ்ட் பெயரைச் சொல்லி உடனே எக்ஸெப்ஷன் எறியும் ஒரு ஹேண்ட்லரை வையுங்கள். இதை நான் மிக வலியுறுத்திச் சொல்வேன். இப்படி ஒரு காவல் இல்லாத டெஸ்ட் தொகுப்பு, யாரும் கவனிக்காத ஒரு நாளில் நிஜமான கட்டணச் சேவையையோ மின்னஞ்சல் சேவையையோ கூப்பிட்டுவிடும்.

பைத்தானில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். எச்டிடிபிஎக்ஸின் ஏஎஸ்ஜிஐ டிரான்ஸ்போர்ட், பயன்பாட்டின் லைஃப்ஸ்பான் (தொடக்க, முடிவு) நிகழ்வுகளை ஓட்டாது. டேட்டாபேஸ் பூலைத் தொடக்க நிகழ்வில் உருவாக்கியிருந்தால், டெஸ்டில் அது இருக்காது. பிழைச் செய்தியும் வேறெங்கோ கை காட்டும். ஸ்டார்லெட் ஃப்ரேம்வொர்க்கின் டெஸ்ட்கிளையன்ட்டை வித் பிளாக்குக்குள் பயன்படுத்தினால் ஓடும். அசிங்க் கிளையன்ட்டேதான் வேண்டுமென்றால் லைஃப்ஸ்பான் மேனேஜர் தரும் தனி லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, சர்வருக்குள் எழும் எக்ஸெப்ஷன் இயல்பாகவே டெஸ்டுக்குள் எறியப்படும். 500 பதிலைத்தான் பார்க்க வேண்டுமென்றால் அதை அணைக்கும் ஆர்கியூமென்ட் இரண்டிலும் உண்டு. ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட்டோ சிஎஸ்ஆர்எஃப் சோதனையை (வேறு தளம் பயனர் பெயரில் அழைப்பதைத் தடுப்பதை) இயல்பாகவே தவிர்த்துவிடும். அதுவும் சோதிக்கப்பட வேண்டும் என்றால் கிளையன்ட்டை உருவாக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

இனி, இன்-மெமரி கிளையன்ட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். எல்லையைத் தாண்டுவது பைட்டாக இருக்க வேண்டும், பொருளாக இருக்கக்கூடாது. 2012இல் வந்த பழைய ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஏபிஐயில் இது எல்லோரையும் படுத்தியது. அங்கே எச்டிடிபி சர்வர் கிளாஸை நேராகக் கிளையன்ட்டுக்கு ஹேண்ட்லராகக் கொடுக்க முடிந்தது. ஆனால் கிளையன்ட் பக்கம் ஆப்ஜெக்ட்கன்டென்ட்டில் வைத்த பொருள், ஜேசானாக மாறாமல் அதே ரெஃபரன்ஸாக மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். தேதி வடிவம், ஈனம் என்ற பட்டியல் டைப், கண்ணுக்குத் தெரியாத ப்ராப்பர்டி, சுழலும் ரெஃபரன்ஸ் என்று சீரியலைசேஷனில் உடையும் எதுவும் டெஸ்டில் உடையாது. கன்டென்ட்டைக் கட்டாயம் பைட்டுகளாக எழுதி மறுபடி படிக்கவைக்கும் ஒரு ஹேண்ட்லரை நடுவில் வைப்பது அன்றைய மருந்து. இன்றைய டெஸ்ட்சர்வர் ஸ்ட்ரீம் வழியாகவே பேசுவதால் அங்கே இந்தக் கவலை இல்லை. நீங்களே சொந்தமாக டிரான்ஸ்போர்ட் எழுதும்போது, வேகம் கருதி இதே குறுக்கு வழியை எடுக்கும் ஆசை வரும். எடுக்காதீர்கள்.

பைட் தாண்டினாலும் ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. டெஸ்டும் சர்வரும் ஒரே ப்ராசஸில் இருப்பதால், இரண்டும் தரவைச் சுமக்கும் ஒரே டிடிஓ கிளாஸைப் பயன்படுத்துவது வெகு இயல்பாக நடந்துவிடும். யாரோ ஒருவர் அந்தக் கிளாஸில் ஒரு ப்ராப்பர்டியின் பெயரை ஐடிஇயில் ரீநேம் செய்கிறார். எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் சேர்ந்தே மாறுகின்றன. எல்லா டெஸ்டும் பச்சை. ஆனால் மொபைல் ஆப்புக்குப் போகும் ஜேசானில் அந்தப் புலம் மறைந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டுக்கும் ஒரு டெஸ்டாவது, கையால் எழுதிய ஜேசான் ஸ்ட்ரிங்கை அனுப்பி, திரும்பி வரும் மூல டெக்ஸ்டைப் புலம் புலமாகப் பார்க்க வேண்டும். எழுதச் சலிப்பான டெஸ்ட்தான். வெளியே இருப்பவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு அந்த டெக்ஸ்ட் மட்டும்தான் என்பதால் அதைக் காக்க வேறு வழியில்லை.

இதே ஒரே ப்ராசஸ் பிரச்சினைக்கு ஜாவாவில் இன்னொரு முகம். ஸ்பிரிங்கின் மாக்எம்விசி, டெஸ்ட் ஓடும் அதே த்ரெட்டில் கன்ட்ரோலரையும் ஓட்டும். டெஸ்டின் மேல் டிரான்ஸாக்ஷனல் என்று குறித்திருந்தால், அந்த டிரான்ஸாக்ஷன் சர்வர் கோடுக்குள்ளும் நீளும். டெஸ்ட் முடிந்ததும் எல்லாம் ரோல்பேக் ஆவது வசதிதான். ஆனால் சர்வர் கோட் தன் டிரான்ஸாக்ஷனைத் தொடங்க மறந்திருந்தாலும் டெஸ்ட் அதை மூடி மறைத்துவிடும். டாட் நெட்டின் டெஸ்ட்சர்வர், டெஸ்டின் எக்ஸிக்யூஷன் கான்டெக்ஸ்ட் சர்வருக்குள் போகாதபடி இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அந்த ஆப்ஷனை மாற்றாமல் விட்டுவையுங்கள்.

இதுவரை சொன்னது, நிஜத்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் போவது என்று. சொந்த டிரான்ஸ்போர்ட்டின் நிஜமான பலன் வேறிடத்தில் இருக்கிறது. நிஜ நெட்வொர்க்கில் வேண்டும்போது வரவழைக்க முடியாத கோளாறுகளை இங்கே வரிசைப்படி வரவழைக்கலாம். மூன்றாவது அழைப்பில் மட்டும் இணைப்பு அறுபடட்டும். ரீட்ரை ஆஃப்டர் ஹெடருடன் 503 வரட்டும். பாடியின் பாதியில் ஸ்ட்ரீம் நின்றுபோகட்டும்.

இவற்றுள் ஒன்றைத் தவறாமல் எழுதிப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட், ரிக்வெஸ்டை முழுதாகச் சர்வருக்குக் கொடுக்கிறது. சர்வர் ஆர்டரைப் பதிவு செய்து 201 தருகிறது. டிரான்ஸ்போர்ட் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, இணைப்பு அறுந்தது என்ற பிழையைக் கிளையன்ட்டுக்குக் கொடுக்கிறது. கிளையன்ட் மறுபடி முயல்கிறது. இப்போது டேட்டாபேஸில் எத்தனை ஆர்டர்? ஒன்றுக்கு மேல் இருந்தால் உங்கள் சேவை, மோசமான சிக்னலில் இருக்கும் ஒரு பயனரிடம் இரண்டு முறை பணம் எடுக்கும். நிஜ சாக்கெட்டில் இந்தக் கணத்தைத் துல்லியமாகப் பிடிப்பது மிகக் கடினம். இன்-மெமரியில் நான்கைந்து வரி. மறுபடி வரும் அதே ரிக்வெஸ்டை அடையாளம் காண உதவும் ஐடெம்பொட்டன்சி சாவியைச் சர்வர் சரியாகச் சேமிக்கிறதா, ஒவ்வொரு முயற்சிக்கும் கிளையன்ட் அதே சாவியை அனுப்புகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே டெஸ்டில் பதில் கிடைக்கிறது. கோ பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐடெம்பொட்டன்சி கீ ஹெடர் இருந்தால், போஸ்ட் ரிக்வெஸ்டைக்கூட மறுபடி அனுப்பலாம் என்று இயல்பான டிரான்ஸ்போர்ட் எடுத்துக்கொண்டு, சில இணைப்புப் பிழைகளில் தானே மறுமுயற்சி செய்யும். சர்வர் அந்தச் சாவியை உண்மையிலேயே மதிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரீட்ரைகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தை நிஜமாகக் காத்திருக்காதீர்கள். டாட் நெட் 8இல் வந்த டைம்ப்ரொவைடர், கோ மொழியில் மேலே சொன்ன சின்க்டெஸ்ட் என்று கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

வேகத்தைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். உங்கள் டெஸ்டுகள் மெதுவாக ஓடுவதற்குச் சாக்கெட் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே மெஷினுக்குள் லூப்பேக் வழியாகப் போய்வரும் அழைப்பு மிக வேகமானது. நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் பயன்பாட்டை முதலிலிருந்து எழுப்புவதும், டேட்டாபேஸைத் தயார் செய்வதும். ஆகவே இன்-மெமரிக்கு மாறும்போதே, பயன்பாட்டை ஒரு டெஸ்ட் கிளாஸுக்கோ முழுத் தொகுப்புக்கோ ஒரு முறை மட்டும் எழுப்பும்படி செய்யுங்கள். கிளையன்ட்டை மட்டும் டெஸ்டுக்கு ஒன்றாக உருவாக்குங்கள், இல்லையென்றால் ஒருவரின் குக்கி இன்னொருவருக்குப் போகும். போர்ட் மோதலுக்கு இன்-மெமரி அவசியமே இல்லை. போர்ட் எண்ணை 0 என்று கொடுத்தால், காலியாக இருக்கும் ஒன்றை இயங்குதளமே தேர்ந்து தரும்.

டேட்டாபேஸையும் இன்-மெமரிக்கு மாற்றிவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். டாட் நெட்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான என்டிட்டி ஃப்ரேம்வொர்க்கின் இன்-மெமரி ப்ரொவைடர் ரிலேஷனல் டேட்டாபேஸே அல்ல. டெஸ்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. எஸ்க்யூலைட்டை நினைவகத்தில் ஓட்டினால் அதைவிட மேல். ஆனால் கடைசி இணைப்பு மூடியதும் டேட்டா முழுவதும் போய்விடும், ஆகவே ஒரு இணைப்பை டெஸ்ட் முடியும்வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். ப்ரொடக்ஷனில் இருக்கும் அதே டேட்டாபேஸை கன்டெய்னரில் ஏற்றி வைப்பதே என் தேர்வு.

இன்-மெமரியில் தெரியவே தெரியாதவை சில உண்டு. டெஸ்ட்சர்வர், டாட் நெட்டின் நிஜ வலைச் சர்வரான கெஸ்ட்ரல் அல்ல; கெஸ்ட்ரல் இயல்பாக மூன்று கோடி பைட்டுக்கு மேல் உள்ள பாடியை மறுக்கும் என்பது டெஸ்ட்சர்வருக்குத் தெரியாது. முன்னால் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி இருந்தால் அதன் இயல்பான வரம்பு இன்னும் குறைவு, 1 எம்பி. கோவின் எச்டிடிபிடெஸ்ட் உருவாக்கும் சர்வர் ரிக்வெஸ்டில் ரிமோட்அட்ரஸ் எப்போதும் 192.0.2.1:1234. அது ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்காக ஒதுக்கிய முகவரி என்பதால், ப்ராக்ஸிக்குப் பின்னால் நிஜ பயனரின் ஐபி சரியாக வருகிறதா என்பதை அது ஒருநாளும் சொல்லாது. டிஎல்எஸ், எச்டிடிபி 2, இணைப்பு பூல் தீர்ந்துபோவது, பெரிய ஹெடர்கள் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்காகக் கையளவு டெஸ்டுகளை நிஜ போர்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். டாட் நெட் 10இல் வெப்அப்ளிகேஷன்ஃபேக்டரியையே கெஸ்ட்ரலில் ஓடச் சொல்லலாம். கோ மொழியில் எச்டிடிபிடெஸ்ட்டின் நியூசர்வர் எப்போதுமே நிஜ லூப்பேக் போர்ட்டில்தான் எழும்.

உங்கள் இப்போதைய நிலையிலிருந்து தொடங்குவதென்றால், முதலில் எந்த டெஸ்டையும் மாற்றாதீர்கள். டெஸ்டுகள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கிளையன்ட் உருவாக்கத்தை ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள். அந்த ஃபங்ஷன் ஒரு என்விரான்மென்ட் வேரியபிளைப் பார்க்கட்டும்: அது காலியாக இருந்தால் இன்-மெமரி டிரான்ஸ்போர்ட், முகவரி இருந்தால் அந்த முகவரிக்கு நிஜ நெட்வொர்க். டெவலப்பர் மெஷினில் இன்-மெமரியாகவும், டிப்ளாய் ஆன பிறகு ஸ்டேஜிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைச் சூழலில்) அதே டெஸ்டுகளை நிஜ முகவரிக்கும் ஓட்டலாம். இரண்டிலும் வேறு வேறு முடிவு வரும் ஒவ்வொரு டெஸ்டும், உங்கள் டிரான்ஸ்போர்ட் எங்கே நிஜத்திலிருந்து விலகுகிறது என்று காட்டிக்கொடுக்கும். உள்ளே சேவைகளை மாற்றிவைத்த டெஸ்டுகளும் கோளாறு வரவழைக்கும் டெஸ்டுகளும் வெளி முகவரிக்கு எதிராக ஓட முடியாது, அவற்றுக்கு மட்டும் ஒரு டேக் போட்டு விலக்கிவிடுங்கள்.